உள்ளங்கையில் எழுதிய பெயர்

1823 ஆகஸ்டில் பல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். முந்தைய ஆண்டு சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தொடங்கிவைத்த பள்ளிக் கணக்கெடுப்புக்கான பதில் அது. நாட்டுப் பள்ளியின் காலைப்பொழுது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு வெறும் சுழி. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஓர் அடி கூடிக்கொண்டே போகும். சோம்பியிருந்தவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் கோதண்டம் என்று பெயர்.

இதே அறிக்கையில், பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் வழக்கத்தைக் கேம்பல் பாராட்டுகிறார். நம் சட்டாம்பிள்ளை முறைதான் அது. சட்டாம்பிள்ளை கையிலும் பிரம்பு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் 'உன்னை நம்பி ஒப்படைக்கிறேன்' என்று பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் சொன்ன இடம் அந்தத் திண்ணையில் அது ஒன்றுதான் என்பது என் துணிபு.

அந்த நம்பிக்கையை முன்பே கண்டுகொண்டவர் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துவிட்டு வந்து தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் இசையவில்லை. வேலையை ஜான் ஃபிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கொடுத்தார். சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். சொன்னதைச் செய்து காட்டினான். தவறுகளைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதிவைத்து, வாரம் ஒருமுறை பிள்ளைகளையே நடுவர்களாக உட்காரவைத்து விசாரிக்கும் ஏற்பாடும் அங்கே இருந்தது. இவற்றையெல்லாம் பெல் 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார்.

லண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர் இதே வழியில் போனவர், பிரம்படியை எதிர்த்தவர். ஆனால் அவர் பள்ளியில் தவறு செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையை மாட்டினார்கள். சிலரைக் கூடையில் உட்காரவைத்து, மற்றப் பிள்ளைகள் பார்க்க உத்தரத்துக்கு இழுத்து ஏற்றினார்கள். அடி போயிற்று, அவமானம் போகவில்லை. கூரையில் கட்டிய அந்தக் கயிறுகூட மாறவில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் 1967இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் வெளிச்சம் தருகிறது. தம்மைப் பற்றி உயர்வாக நினைத்த சிறுவர்களின் பெற்றோர் கண்டிப்பில்லாதவர்கள் அல்லர். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெளிவாக வரையறுத்து அதில் உறுதியாக நின்றவர்கள்; அதற்குள் பிள்ளையின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள். கடுந்தண்டனையும் பாசத்தை விலக்கிக்கொள்வதும் தம்மைத் தாழ்வாக நினைத்த சிறுவர்களின் வீடுகளிலேயே அதிகம் தென்பட்டன.

பள்ளி ஒழுங்கு குழந்தையின் மாண்புக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. தண்டனையையும் உதவாக்கரையையும் 'தண்டம்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கிறோம். விடைத்தாளைத் திருப்பித் தரும்போது வகுப்பு முழுதும் கேட்க அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு இடத்துக்குத் திரும்புகிற பிள்ளையையும் 17ஆம் பிரிவு பாதுகாக்கிறது.