விளம்பரம்

பலரும் அறியச் சொல்லும் அறிவிப்பு. 'விளம்பு' என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். விளம்புதல் என்றால் எடுத்துச் சொல்லுதல். உணவு பரிமாறுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மலையாளத்திலும் குமரி மாவட்டப் பேச்சிலும் பந்தியில் சோறு இடுவது இன்றும் விளம்புவதுதான்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூரிலும் திருப்பதியிலும் விளம்பரத்துக்கான தெலுங்குச் சொல் 'பிரகடன'. அதே வடசொல் தமிழில் 'பிரகடனம்' ஆகி, போர், நெருக்கடி நிலை போன்ற பெரிய அறிவிப்புகளுக்கு உரியதாகிவிட்டது.

சூழல் விளம்பரம்: இணையப் பக்கத்தின் எழுத்தைக் கணினி படித்து, அதற்குப் பொருந்துவதை இடுவது. சித்தூர் மாந்தோப்பு பற்றிய பக்கத்தில் மரக்கன்று. திருமலை யாத்திரைப் பக்கத்தில் தங்கும் விடுதி. இதற்குக் கணினி அந்த மொழியை அறிந்திருக்க வேண்டும். இத்தகைய விளம்பரங்களைத் தளங்களில் இட்டு, எழுதுவோருக்கு வருவாய் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003இல் தொடங்கியது. தமிழையும் தெலுங்கையும் அது ஏற்றது 2018இல்தான். பதினைந்து ஆண்டுகள் நம் மொழிகளில் எழுதியோர் இந்த வருவாய்க்கு வெளியே நின்றார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஆட்சென்ஸ் விளம்பரங்களை இடத் தளத்துக்குக் கிடைக்கும் அனுமதியை 'ஒப்புதல்' என்கிறோம். ஒத்திருத்தலும் இசைதலும் 'ஒப்பு' என்னும் அதே வேரின் பொருள்கள். சொந்தமாக எழுதிய, பயனுள்ள பக்கங்கள் இருந்தால்தான் ஒப்புதல் கிடைக்கும். இலை போட்ட பிறகே விளம்ப முடியும். புதிய தளம் தொடங்குவோர் முதலில் எழுத்தைச் சேர்க்கட்டும்.