ஹட்கோ: கடன் கொடுத்த நிறுவனம் ஊர்ப்பெயரான கதை

ஓசூரில் ஆட்டோவில் ஏறி "ஹட்கோ" என்றால் போதும், "பழைய ஹட்கோவா, புது ஹட்கோவா?" என்று கேட்பார்கள். இது சாமி பெயருமில்லை, தலைவர் பெயருமில்லை. 1970-ல் மத்திய அரசு தொடங்கிய வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கப் பெயர். கடன் கொடுத்த நிறுவனமே ஒரு குடியிருப்பின் பெயராகிவிட்டது!

அந்தக் காலத்து அரசுக் கொள்கை எளிமையானது. ஹட்கோ மாநில வாரியங்களுக்குக் கடன் கொடுக்கும். 1961 முதல் இயங்கும் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் வீடு கட்டும், குலுக்கல் போட்டு ஒதுக்கும். தவணை முழுவதும் கட்டி முடித்தபின் கிரயப் பத்திரம் கிடைக்கும்.

ஓசூருக்கு இது ஏன் தேவைப்பட்டது? 1971-ல் உருவான சிப்காட் இங்கே ஒரு தொழில் வளாகத்தை அமைத்தது. பின்தங்கிய தர்மபுரி மாவட்டம் (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான்), ஆனால் பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். 1980 வாக்கில் டிவிஎஸ், அசோக் லேலண்ட், பிறகு டைட்டன் என்று ஆலைகள் வந்தன. தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்களுக்கு வீடு வேண்டுமே!

சம்பளக்காரர் நேரே போய் வீட்டுக்கடன் கேட்பது அப்போது அபூர்வம். 1977-ல் எச்.டி.பரேக் தொடங்கிய எச்டிஎஃப்சி அந்த வழியைத் திறந்தது. 1988-ல் தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது. வீட்டுக்கடன் வட்டிக்கான வருமானவரிக் கழிவு 30,000 ரூபாயிலிருந்து 1999-ல் 75,000, 2000-ல் 1 லட்சம், 2001-ல் 1.5 லட்சம் என்று மளமளவென ஏறியது. அரசு வீடு கட்டித் தருவதிலிருந்து, கடன் வாங்குபவருக்குச் சலுகை தருவதற்கு மாறிவிட்டது.

இங்கேதான் சிக்கல். வரிச்சலுகை வேண்டுமானால் முதலில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வேண்டும். கடன் வேண்டுமானால் சம்பளச் சீட்டும், டிடிசிபி அப்ரூவல் உள்ள மனையும் வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டும் கிடைக்கலாம். கான்ட்ராக்ட் தொழிலாளி சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியதோ பெரும்பாலும் அப்ரூவல் இல்லாத மலிவு மனை. 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி ஒழுங்கு செய்யும் வரை அந்த மனையைக் காட்டி வங்கியில் கடன் வாங்குவது குதிரைக்கொம்புதான்.

2015-ல் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் வட்டி மானியம் வந்தது. குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு 6 லட்சம் வரையிலான கடனுக்கு 6.5 சதவீதம். 20 வருடக் கடனில் அதன் மதிப்பு சுமார் 2.67 லட்சம்! ஆனால் மானியம் கடன் கணக்கில்தான் வரவாகும். வங்கி "சரி" என்று சொல்லாதவருக்கு அந்தக் கணக்கே கிடையாது. அந்த மானியமும் 2022-ல் முடிந்தது. 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்திலும் வட்டி மானியம் பெற வங்கிக்கடன் வேண்டும்.

ஓசூரில் வளாகம் போட்ட அதே சிப்காட், 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதியைத் திறந்தது. பாதுகாப்பான இடம், தேவையும்கூட. ஆனால் வேலையை விட்டால் அறையையும் விட வேண்டியதுதான். ஹட்கோவில் தவணை கட்டி முடித்தவருக்குக் கையில் ஒரு பத்திரம் மிஞ்சியது. இன்றைய தொழிலாளிக்கு 20 வருடம் கழித்து என்ன மிஞ்சும்? வீட்டுவசதிக் கொள்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுதான்.