படகெலும்பு முறிவு

படகெலும்பு முறிவு என்பது மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக அமைந்துள்ள படகெலும்பில் ஏற்படும் முறிவு ஆகும். மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளுள் மிகுதியாக முறிவது இதுவே. நீட்டிய கையை ஊன்றி விழும்போது பெரும்பாலும் ஏற்படுகிறது. இளம் வயதினரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது. வீக்கம் குறைவாக இருக்கக்கூடும் என்பதால் இது சுளுக்கு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு.

கண்டறிதல்

பெருவிரலை விரித்து உயர்த்தும்போது அதன் அடியில் தசைநாண்களுக்கிடையே ஒரு பள்ளம் தோன்றும். மூக்குப்பொடியை இதில் வைத்து உறிஞ்சியதால் இது மூக்குப்பொடிக் குழி எனப்படுகிறது. இக்குழியை அழுத்தும்போது வலித்தால் படகெலும்பு முறிந்திருக்கலாம் என ஐயுற வேண்டும். பெருவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளும்போதும் வலித்தால் ஐயம் வலுப்பெறும். எனினும் வலி மட்டுமே முறிவை உறுதிப்படுத்தாது.

முதலில் எடுக்கும் எக்சு-கதிர்ப் படத்தில் முறிவு தெரியாமல் போகலாம். அந்நிலையில் முறிவு உள்ளதாகவே கொண்டு, மணிக்கட்டு அசையாதவாறு கட்டுப் போடப்படும். 10 முதல் 14 நாட்களுக்குப் பின் மீண்டும் படம் எடுக்கப்படும். எம்.ஆர்.ஐ. சோதனை முறிவை முன்னதாகவே காட்டவல்லது.

சிக்கல்கள்

படகெலும்புக்குரிய குருதியின் பெரும்பகுதி விரல் பக்க முனையில் நுழைந்து முன்கைப் பக்கம் நோக்கிச் செல்கிறது. எலும்பு நடுவே முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு குருதியின்றி இறக்கக்கூடும். கவனிக்கப்படாத முறிவு பொருந்தாமல் நின்று, பல ஆண்டுகளுக்குப் பின் மணிக்கட்டில் மூட்டுத் தேய்வை உண்டாக்கலாம்.

சிகிச்சை

விலகாத முறிவுக்குப் பல வாரங்கள் மாவுக்கட்டு போடப்படும். விலகிய முறிவு அறுவை சிகிச்சை மூலம் திருகாணியிட்டுப் பொருத்தப்படும்.