கும்பெனிச் சம்பளமும் குருப்பட்டமும்: கொழும்புத் தமிழ்ப் போதகர் வரலாறு

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்று, கோட்டையையும் புறக்கோட்டையையும் கடந்து கொட்டாஞ்சேனைப் பக்கத்து மேட்டில் ஏறுபவர், ஏறத்தாழ ஐந்தடிக் கனமுள்ள சுவர்களோடு சிலுவை வடிவில் நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தைக் காண்பார். 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட இவ்வாலயத்தின் பெயருக்கு ஒல்லாந்த மொழியில் ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்பது பொருள். ஓநாயே இல்லாத இத்தீவில் அப்பெயர் நிலைத்தது, நரியைக் கண்டு மருண்ட ஐரோப்பியரின் விலங்கியல் ஞானத்தால் போலும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜிந்துப்பிட்டியில், 1815இல் தமிழ்ச் சபையாருக்கென எழுந்த பரிசுத்த தோமாவின் ஆலயம் இருக்கிறது. இவ்விரு பீடங்களிலும் தமிழர் ஏறிய வரலாற்றை ஆராயுமிடத்து, அவர்களை உயர்த்திய ஏணி பக்தியோடு பாஷையினாலும் ஆனது என்பதும், அவ்வேணியை நெடுங்காலம் அரசாங்கமே பிடித்திருந்தது என்பதும் புலனாகின்றன.

ஒல்லாந்தர் காலத்துப் போதகர் சபைக்கு மட்டும் ஊழியரல்லர். வணிகரோடும் படைத்தலைவரோடும் ஒரே கணக்கில் பெயர் எழுதப்பட்ட கிழக்கிந்தியக் கும்பெனியின் உத்தியோகத்தர். கும்பெனியின் கீழைத்தேசத் தலைமையிடமான பத்தாவியாவின் சம்மதத்தோடு நியமனம் பெற்ற அவருக்குக் கீழே நோயாளருக்கு ஆறுதல் கூறுவோரும், உபதேசிமாரும், பாடசாலை உபாத்தியாயரும் படிப்படியாக நின்றனர். உபாத்தியாயர் வசமிருந்த பள்ளித் தோம்பு என்னும் பதிவேட்டிலேயே ஞானஸ்நானமும் விவாகமும் பதியப்பட்டமையாலும், அப்பதிவின்றிச் சொத்துரிமையை நிலைநாட்டுவதோ அரசாங்க உத்தியோகம் பெறுவதோ அரிதாயிருந்தமையாலும், விசுவாசத்தினாலன்றித் தேவையினால் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டோர் தொகை பெரிதாயிற்று. அத்துணைப் பெரிய சபைக்கு உபதேசிக்க வந்தவர்களோ, அதன் பாஷையை அறியாதவர்கள். 1656இல் இலங்கைக்கு வந்து, 1665 வரை ஊழியம் செய்த பிலிப்பு பால்டேயு தமிழ் கற்று மத்தேயுவின் சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார். ஆயினும் அவர் சென்ற வழியில் பின்சென்றோர் மிகச் சிலரே. ஏனையோர் போர்த்துக்கேய மொழியில் பேசியோ, துபாஷியை அருகில் நிறுத்தியோ தம் காலத்தைக் கழித்தனர்.

இக்குறையை நிரப்பவே 1690இல் நல்லூரிலும் 1696இல் கொழும்பிலும் வேதசாத்திர கலாசாலைகள் தோன்றின. கும்பெனி சிக்கனமாக எண்ணிச் செய்த காரியம், எண்ணாத பலனையும் தந்தது. கொழும்புக் கலாசாலையில் பயின்றவரான பிலிப்பு தெ மெல்லோ, 1723இல் கொழும்பிலே, கொழும்புச் செட்டிகள் தம்மவரெனப் போற்றும் குடும்பமொன்றில் பிறந்தவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றிலும் தேர்ந்து, உதவிப் பிரசங்கி என்ற படியோடு நின்றுவிடாமல் முழுக் குருப்பட்டமும் பெற்றார். தரங்கம்பாடி மிஷனில் ஆரோன் என்னும் தமிழர் 1733இலேயே குருப்பட்டம் பெற்றுவிட்டார் என்பது மெய். ஆனால் அங்கே பட்டம் வழங்கியது ஒரு மிஷன், இங்கே வழங்கியது வியாபார நோக்கே பிரதானமான ஒரு கும்பெனியின் நிழலில் வாழ்ந்த சபை. அந்த வேறுபாட்டைச் சிறிதென்று கொள்ளலாகாது. மெல்லோ 1753இல் கத்தோலிக்க மதத்தைக் கண்டித்துச் ‘சத்தியத்தின் ஜெயம்’ என்ற நூலை இயற்றினார். தேசாதிபதி வன் இம்ஹொப் காலத்தில் ஏற்பட்ட கும்பெனி அச்சகத்திலிருந்து 1759இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடும் அவர் உழைப்பே. பழைய ஏற்பாட்டிலும் கைவைத்தார். அது முற்றுப்பெறுமுன் 1790இல் காலமானார். 1859இல் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, புலவர் வரிசையில் இவருக்கும் இடமளித்தார். போதகரைப் புலவரோடு வைத்தெண்ணிய அத்தீர்ப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. ஏனெனில் மெல்லோவின் உண்மையான பிரசங்க பீடம் அச்சுக்கூடமே.

போதகராவதற்கு வேறொரு வழியும் இருந்தது. தஞ்சைப் பிரதேசத்திலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் வைத்தியராய் வந்தவரின் சந்ததியாரான வில்லெம் யூரியான் ஒண்டாச்சி, ஒல்லாந்து சென்று கற்றுக் கொழும்பில் போதகரானார். கொழும்பில் 1758இல் பிறந்த அவர் புதல்வர் குவின்ட் ஒண்டாச்சி ஊத்திரெக்டில் பயின்று, அந்நாட்டுத் தேசாபிமானிகள் கட்சியின் கிளர்ச்சிக்குத் தலைவருள் ஒருவரானார். தந்தையைப் போல் அங்கி தரித்துத் திரும்பிவரும் எண்ணம் மைந்தருக்கு இருந்ததாகத் தோன்றவில்லை.

1796 பெப்ருவரியில் கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கும்பெனியின் கருவூலம் போன வழியே கலாசாலையும் சபை அமைப்பும் போயின. 1799இல் வந்த ஜேம்ஸ் கோர்டினர், படைக் குருவானவராயும் பாடசாலைகளின் மேற்பார்வையாளராயும் இருந்து, எஞ்சியவற்றை ஒருவாறு கூட்டிச் சேர்த்தார். தமிழ்ப் பகுதிக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆள் தரங்கம்பாடியிலிருந்தே வந்தார். மிஷனாரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரான கிறிஸ்தியான் தாவீது 1801இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, அரசாங்கப் பிரசங்கியாய் நெடுங்காலம் தனித்து உழைத்தார். ஐம்பது பிராயம் கடந்தும் அவர் குருவானவரல்லர். இலங்கை அக்காலத்தில் கல்கத்தா அத்தியட்சரின் எல்லைக்குள் அடங்கியிருந்தமையால், பட்டம் பெற விரும்பியவர் வங்காளம் வரை கடலேறவேண்டியிருந்தது. 1824இல் கல்கத்தாவில் அத்தியட்சர் ஹீபர் கையால் அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலத் திருச்சபையில் குருவான முதல் இந்தியர் என்ற பெயரும் அவரைச் சேர்ந்தது. பின்னர் கொழும்புக்கு வந்து ஜிந்துப்பிட்டித் தமிழ்ச் சபைக்குப் போதகராயிருந்த அவர், 1852இல் மரணமடைந்தார்.

இதற்கிடையில் 1814இல் வெஸ்லியன் மிஷனாரிமாரும் 1818இல் சர்ச் மிஷன் சங்கத்தாரும் வந்துவிட்டமையால், அரசாங்கக் குருவானவருக்கு அருகே மிஷன் பணத்தில் வாழும் போதகர் வகுப்பொன்று வளர்ந்தது. 1845இல் கொழும்புக்கென்றே அத்தியட்சர் நியமிக்கப்பட்டார். ஆயினும் பௌத்தரும் சைவரும் இஸ்லாமியரும் செலுத்தும் வரியில் ஒரு சபையின் குருமாருக்குச் சம்பளம் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி ஓயவில்லை. 1881இல் அதற்கு விடையாக அரசாங்கம் மானியத்தை நிறுத்தத் தீர்மானித்தது. ஐந்தாண்டுத் தவணை 1886இல் முடிந்தது. மெல்லோவின் காலத்திலிருந்து தமிழ்ப் போதகரைத் தாங்கிய கஜானா மூடிக்கொள்ள, சபையாரின் காணிக்கையும் சந்தாவுமே இனிக் கதியென்று ஆயிற்று. ஜிந்துப்பிட்டி ஆலயத் தரையில் தம் குலப்பெயர் பொறித்த கல்லைக் கண்ட எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, தம் குடும்பத்துச் சைமன் ஒண்டாச்சியே இலங்கையின் கடைசித் தமிழ் அரசாங்கக் குருவானவர் என்று 1982இல் எழுதியிருக்கிறார்.