பொத்தானும் மறுமொழியும்: வளர்ப்பு நாயின் ‘பேச்சு’ குறித்து ஷிப்ட் வீடுகளை முன்வைத்து ஒரு மறுபார்வை

வளர்ப்பு நாய்களுக்குப் பேசும் பொத்தான்களைக் கற்பிக்கும் முறை பற்றிய விவாதம் பெரும்பாலும் நாய் பேசுகிறதா இல்லையா என்ற ஒரே வினாவைச் சுற்றியே நடந்துவருகிறது. வினாவை இவ்வாறு வைக்கும்போது கவனம் முழுவதும் பொத்தானை அழுத்தும் விலங்கின்மீது குவிந்து, அந்த ஒலியைக் கேட்டு எழுந்துபோய்க் கதவைத் திறக்கும் மனிதர் ஆய்வின் பார்வையிலிருந்து நழுவிவிடுகிறார். ஒரு பொத்தான் நாய்க்கு என்ன பொருள் தருகிறது என்பதைத் தீர்மானிப்பது அதில் பதிவான சொல்லைவிட, அழுத்தியபின் தவறாமல் கிடைக்கும் மறுமொழியே என்பது இக்கட்டுரையின் வாதம். வீட்டிலிருப்போர் வேலைக்குப் போகும் நேரம் சுழன்றுகொண்டே இருக்கும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம், இவ்வாதத்தை எடுத்துரைக்க மட்டுமன்றிச் சோதித்துப் பார்க்கவும் ஏற்ற களமாக அமைகிறது.

கருவி மிக எளியது. உள்ளங்கையளவுப் பொத்தான் ஒன்றில் ‘வெளியே’, ‘தண்ணீர்’, ‘விளையாட்டு’ போன்ற ஒரு சொல்லை உரிமையாளர் தம் குரலில் பதிவுசெய்து தரையில் வைக்கிறார். நாய் காலால் அழுத்தும்போது அக்குரல் ஒலிக்கிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் பேச்சு–மொழிச் சிகிச்சையாளராகப் பணியாற்றிய கிறிஸ்டினா ஹங்கர் 2018இல் ஸ்டெல்லா என்ற தம் நாய்க்கு இதைக் கற்பிக்கத் தொடங்கி, 2021இல் அது குறித்து நூலொன்றும் வெளியிட்டார். பேச இயலாத குழந்தைகள் படங்களையோ பொத்தான்களையோ தொட்டுத் தம் தேவையைத் தெரிவிக்க உதவும் மாற்றுவழித் தொடர்புக் கருவிகளே அவருடைய தொழில். அத்துறையின் வழிமுறையையே அவர் நாய்க்கும் பொருத்திப் பார்த்தார். இத்துறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் அஜித் நாராயணனும் அவருடைய நிறுவனமும் ‘வித்யா சாகர்’ அமைப்புடன் இணைந்து உருவாக்கிய ‘ஆவாஸ்’ என்னும் கருவி, பெருமூளை வாதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைகள் தெரிவுசெய்யும் சொற்களைக் குரலாக ஒலிக்கச் செய்கிறது. இதற்காக 2011இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இதழ் வெளியிட்ட இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் நாராயணன் இடம்பெற்றார்.

இத்துறையிலிருந்து கருவி நாயிடம் வந்துசேர்ந்தபோது உடன் வந்திருக்க வேண்டிய ஒரு நிபந்தனை போதிய அளவு பேசப்படுவதில்லை. குழந்தை எப்போது தொட்டாலும் பொருளுணர்ந்து மறுமொழி தரக்கூடிய ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதும், அவர் தாமும் அக்கருவியைப் பயன்படுத்திப் பேசிக்காட்ட வேண்டும் என்பதும் அச்சிகிச்சை முறையின் அடித்தளம். அத்துடன், குழந்தை தன்னைச் சுற்றி ஓயாமல் நிகழும் மனித மொழிக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. கருவி அதற்கு வாசல். நாய்க்கு அத்தகைய வாசல் திறக்கிறதா என்பது ஐயத்துக்குரியது. ஆனால் மறுமொழி தருபவர் இல்லாமல் கருவிக்கு உயிரில்லை என்பது இருவருக்கும் பொது.

இதற்கு வலுவான சான்று இப்போதைய பொத்தான் மோகத்துக்கு முந்தைய ஆய்வொன்றில் உள்ளது. விலங்குக்குச் சொற்குறிகளைக் கற்பிக்கும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு; இங்கிலாந்தில் ஜான் லபக், சொற்கள் அச்சிட்ட அட்டைகளைக் கவ்வி வந்து தேவையைத் தெரிவிக்க ‘வான்’ என்ற தம் நாய்க்குக் கற்பித்ததை 1884இல் எழுதினார். பிரேசிலில் அலெஷாந்திரே ரோசியும் செசர் ஆடேசும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அம்மரபில் மிகக் கூர்மையானது. சோபியா என்ற கலப்பின நாய், குறியீடுகள் வரைந்த விசைகளை அழுத்தித் தனக்கு வேண்டியதைக் கேட்கக் கற்றது. அப்போதைய தேவைக்கேற்பவே அது விசையைத் தேர்ந்தது. இவ்விரு கண்டறிதல்களைவிட முக்கியமானது மூன்றாவது: ஆய்வாளர் உடனிருந்தபோது மட்டுமே சோபியா விசைப்பலகையைப் பயன்படுத்தியது, அழுத்துவதற்கு முன்பைவிட அழுத்திய பின்பே அவரை அடிக்கடி திரும்பிப் பார்த்தது. விசையின் பொருள் அந்த மனிதரோடு பிணைந்திருந்தது என்பதையே இது காட்டுகிறது.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ஃபெடரிகோ ரோசானோவின் குழுவினர் 2024இல் வெளியிட்ட இரு ஆய்வுகள் விவாதத்தை முன்னகர்த்தியுள்ளன. 59 நாய்களை வைத்து நடந்த முதல் ஆய்வில், விளையாட்டு, வெளியே செல்லுதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு நாய்கள் பொருத்தமாக நடந்துகொண்டன. சொல்லை உரைத்தது உரிமையாளரா அந்நியரா, அது வாயால் வந்ததா பொத்தானால் வந்ததா என்ற வேறுபாடு அதைப் பாதிக்கவில்லை. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்ற ‘கிளெவர் ஹான்ஸ்’ என்னும் குதிரை, வினவுபவரின் உடலசைவைக் கவனித்தே விடை தந்தது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் நிறுவியது முதல் இத்தகைய ஆய்வுகள் அனைத்தின்மீதும் படிந்திருக்கும் ஐயத்தை, இச்சொற்களைப் புரிந்துகொள்ளும் அளவில், இம்முடிவு நீக்குகிறது. 152 நாய்களை 21 மாதங்கள் தொடர்ந்த இரண்டாம் ஆய்வு, 2,60,000க்கும் மேற்பட்ட அழுத்தல்களைத் தொகுத்து, இரு பொத்தான்களை அடுத்தடுத்து அழுத்தும் இணைகள் தற்செயலானவை அல்ல, உரிமையாளரைப் பார்த்து அப்படியே செய்தவையும் அல்ல என்று காட்டியது. நாய் கண்டபடி மிதிக்கிறது என்ற எளிய மறுப்பு இனி நிற்காது. ஆயினும், எடுத்துக்காட்டாக, உணவும் தண்ணீரும் ஒரே தேவைக் குழுவைச் சேர்ந்தவை; இரண்டையும் சேர்த்து அழுத்துவது தொடரமைப்புக்குச் சான்றாகாது. ஆய்வாளர்களும் இதை இலக்கணம் என்று கூறவில்லை. அப்படிக் கூறுபவர்கள் பெரும்பாலும் உரிமையாளர்களே.

உரிமையாளர்களை அப்படிக் கூறவைப்பது பதிவான குரல். பொருளறியாமல் திருப்பிச் சொல்வதைக் கிளிப்பிள்ளைப் பேச்சு என்பது தமிழ் வழக்கு. பொத்தான் நாயின் நிலை அதற்கு நேர்மாறு. அதற்கு ஏதோ ஒரு நோக்கம் இருக்கிறது, ஒலி மட்டும் அதனுடையதன்று. உரிமையாளரின் குரலிலேயே ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று தரையிலிருந்து ஒலி எழும்போது, அச்சொல்லின் முழு எடையும் நாயின் கணக்கில் ஏறிவிடுகிறது. அந்தப் பொத்தானை நாய்கள் தம் உரிமையாளர்களைவிடக் குறைவாகவே அழுத்துகின்றன என்று மேற்சொன்ன இரண்டாம் ஆய்வு காட்டுவது இங்குக் கருதத்தக்கது.

சொல்லே இல்லாத பொத்தான் எப்படிப் பொருள் பெறுகிறது என்பதை அறியத் தொழில்தடத்தின் வாகன ஆலைகளைப் பார்த்தால் போதும். 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010 முதல் ஒரகடத்திலும் கார்கள் உற்பத்தியாகின்றன. இத்தகைய உற்பத்தி லைன்களில் ‘ஆண்டன்’ எனப்படும் அழைப்பு முறை உண்டு: பணிநிலையத்தில் சிக்கல் நேர்ந்தால் தொழிலாளி பொத்தானை அழுத்தவோ கயிற்றை இழுக்கவோ செய்ய, மேலே பலகையில் விளக்கெரிகிறது, மெட்டு ஒலிக்கிறது, குழுத் தலைவர் வந்தாக வேண்டும். தமிழரும் ஒடிசா, பீகார் மாநிலத்தவரும் ஒரே லைனில் நிற்கும் இடத்தில் அந்த மெட்டுக்கு எந்த மொழியும் தேவைப்படுவதில்லை. அதன் பொருள் முழுவதும் ‘ஒருவர் வருவார்’ என்பதில் அடங்கியிருக்கிறது. பலமுறை அழுத்தியும் எவரும் வராத நிலையத்தில் அப்பொத்தான் வெறும் பிளாஸ்டிக் துண்டாகிவிடும். ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது: வந்த தலைவரிடம் தொழிலாளி நடந்ததை வாய்விட்டுச் சொல்வார். நாயிடம் அதற்கு இணையாக உள்ளவை பார்வை, வால், செவி, குரைப்பு ஆகியவை; பொத்தானுக்கு முன்பும் இருந்தவை, பொத்தானைவிட நுட்பமானவை.

இந்நுட்பத்துக்குச் சான்று தேடிச் செல்லப் பிராணிகளிடம் போக வேண்டியதுகூட இல்லை. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், எவரும் பயிற்றுவிக்காத தெருநாய்களில் அருகே வந்தவற்றுள் ஏறத்தாழ 80 விழுக்காடு, மனிதர் கைநீட்டிக் காட்டிய கிண்ணத்தை நோக்கிச் சென்றன. ஆலை வாயிற்காவலர் அறைகளையும் தேநீர்க் கடைகளையும் ஒட்டி வாழும் நாய்களுக்கும் இத்திறன் இருக்கும் என எதிர்பார்ப்பதில் பிழையில்லை. அவற்றுக்குப் பொத்தான் தந்தவர் எவருமில்லை. ஆனால் ஷிப்ட் முடியும் நேரத்தில் பிஸ்கட்டோடு வரும் ஆட்கள் உண்டு.

தடத்தின் வீடுகளில் நிலைமை சிக்கலானது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் எனச் சுழலும் வேலையில், ஒரு வாரம் பகலில் வீட்டிலிருப்பவர் மறு வாரம் பகலில் இருப்பதில்லை. நைட் ஷிப்ட் முடித்து உறங்குபவர் இருந்தும் இல்லாதவரே. எப்போதும் பயன் தராத செயலை விலங்கு நாளடைவில் கைவிடும். ஆனால் சிலபோது மட்டும் பயன் தரும் செயல் எளிதில் மறையாது என்பதைக் கற்றல் உளவியலில் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இலேயே விரிவாகக் காட்டியுள்ளனர். எனவே இவ்வீடுகளில் பொத்தான் அழுத்தல் நின்றுபோகாமல், தேவையோடுள்ள இணைப்பு தளர்ந்து அதிகரிக்கவே வாய்ப்புண்டு. உறங்குபவருக்கு அது வெறும் தொல்லை. ஆகவே சொற்களைப் பெருக்குவதைவிட, வீட்டிலுள்ளவர் எவராயினும் எந்நேரத்திலும் நிறைவேற்றக்கூடிய இரண்டு மூன்று வேண்டுகோள்களோடு நிறுத்திக்கொள்வதே இங்குப் பொருத்தம்.

இச்சுழற்சியே ஆய்வாளருக்கு வாய்ப்பாகவும் அமையலாம். 2024இன் இரண்டாம் ஆய்வின் தரவுகள் உரிமையாளர்கள் பதிவுசெய்தவை. ஆகவே ஆளில்லாத நேரம் அவற்றில் போதிய அளவு இடம்பெற வழியில்லை. அழுத்தும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் பொத்தான்களைச் சில ஷிப்ட் வீடுகளில் வைத்து, ஆலை வருகைப் பதிவேட்டின் நேரத்தோடு ஒப்பிட்டால், ஒரே நாய் ஒரே மணி நேரத்தில் ஆள் உள்ள வாரமும் இல்லாத வாரமும் எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரியவரும். சோபியாவைப் போல வெற்று வீட்டில் அழுத்தல் அறவே குறைந்தால், பொத்தான் மறுமொழியாளரை நோக்கிய குறிப்பு என்பது உறுதிப்படும். அழுத்தல் தொடர்ந்தும் இணைகள் சிதைந்துபோனால், அது பயனை எதிர்நோக்கிய பழக்கமாகச் சுருங்கிவிட்டது எனலாம். வெற்று வீட்டிலும் அதே இணைகள் அதே விகிதத்தில் பதிவாகுமானால், பொருள் மறுமொழியில் உள்ளது என்று இங்கு முன்வைக்கப்பட்ட வாதத்தைக் கைவிட வேண்டியிருக்கும்.