தொட்டிலும் தொழிற்சாலையும்

பெங்களூரில் பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய நூற்பாலை 1884 ஆம் ஆண்டில் தோன்றியது. அதனையும் அதன் பின்னர் எழுந்த ஆலைகளையும் நம்பித் தமிழ்க் குடும்பங்கள் பல இந்நகரில் குடியேறின. ஊரைவிட்டு வந்தவர்கள் பாயையும் பாத்திரத்தையும் கொண்டுவந்தார்கள். பாட்டியைப் பெரும்பாலும் கொண்டுவர இயலவில்லை. தாய் வேலைக்குச் சென்றால் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்னும் வினா அன்றே பிறந்துவிட்டது.

சட்டம் இவ்வினாவைச் சற்றுத் தாமதமாகவே செவிமடுத்தது. ஐம்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்கும்படி விதி செய்யும் அதிகாரத்தை 1934 ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண அரசுகளுக்கு அளித்தது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள அறை வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்கள் அதனைக் கவனிக்க வேண்டும். ஆனால் கணக்கில் பெண்கள் மட்டுமே வந்தனர். ஐந்நூறு ஆண்களும் ஐம்பது பெண்களும் உழைக்கும் ஆலைக்குத் தொட்டில் தேவையில்லை. ஆண்களுக்குக் குழந்தைகளே இல்லை போலும்! ஐம்பது என்னும் வரம்பு முப்பதாகக் குறைந்தது 1976 இல்தான்.

ஆலைக்கு நிலையான சுவர் உண்டு. கட்டட வேலைக்கு அதுவும் இல்லை. கட்டடம் முடிந்தால் தூளியை அவிழ்த்துக்கொண்டு அடுத்த இடம் செல்ல வேண்டியதுதான். 1969 இல் காந்தி நூற்றாண்டு விழாவுக்கான கட்டடப்பணி தில்லி ராஜ்காட்டில் நடந்தபோது, புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் அங்கேயே ஒரு காப்பகம் தொடங்கினார். வேலை நகர, காப்பகமும் உடன் நகர்ந்தது. 'நடமாடும் காப்பகம்' என்பது வெறும் பெயரன்று. கட்டடத் தொழிலாளருக்கான சட்டம் 1996 இல் வந்தது. அதிலும் பழைய ஐம்பது பெண்கள் என்னும் கணக்கே இடம்பெற்றது.

2017 இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் கணக்கு மாறியது. ஆண், பெண் என்று பாராமல் ஐம்பது ஊழியர் உள்ள நிறுவனம் எதுவாயினும் காப்பக வசதி செய்தல் வேண்டும். தனியாகவோ, பிற நிறுவனங்களோடு கூட்டாகவோ அமைக்கலாம். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை குழந்தையைச் சென்று பார்க்கலாம். மென்பொருள் அலுவலகங்கள் மலிந்த பெங்களூருக்கு இஃது ஏற்ற ஏற்பாடே. ஊரகப் பணியாளரின் குழந்தைகளுக்கென்று 'கூசின மனெ', அதாவது குழந்தையின் இல்லம், என்னும் திட்டத்தைக் கர்நாடக அரசு 2023 இல் கொணர்ந்தது.

இதே நகரின் மாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கும் தமிழ்ப் பெண்கள் எத்தனையோ பேர். காலையில் ஒரு வீடு, நண்பகலில் மற்றொரு வீடு. அவ்வீடு ஒவ்வொன்றிலும் தொழிலாளர் அவள் ஒருத்தியே. அவள் குழந்தைக்காக ஐம்பது வரை எண்ணுவதற்கு அங்கே ஆளில்லை.