‘விடாது கருப்பு’ தந்த இந்திரா சௌந்தர்ராஜன்: பேரில் தொடங்கிய மர்மம்!

சென்னையில் இருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியா மதுரைக்கு ரயிலோ பஸ்ஸோ ஏறியவர்கள் கையில் ஒரு காலத்தில் தவறாமல் இருந்தது மாத நாவல். அதில் அமானுஷ்யம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர், இந்திரா சௌந்தர்ராஜன்.

யார் இவர்?

பெயரைப் பார்த்து பெண் எழுத்தாளர் என்று நினைத்த வாசகர்கள் உண்டு. 1958 நவம்பர் 13-ல் சேலத்தில் பிறந்த சௌந்தர்ராஜன், அம்மா இந்திராவின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார். வாழ்ந்தது மதுரையில்.

ஏன் புனைபெயர்?

தமிழ் வெகுஜன எழுத்தில் இது புதுசு இல்லை. குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி.ரங்கராஜன் இருந்ததால், எஸ்.ரங்கராஜன் மனைவி பெயரில் ‘சுஜாதா’ ஆனார். வேணுகோபாலனுக்கு ரெண்டு பேர். ‘திருவரங்கன் உலா’வுக்கு ஸ்ரீவேணுகோபாலன், காதல், க்ரைம் கதைகளுக்கு புஷ்பா தங்கதுரை. அட்டையில் உள்ள பேரைப் பார்த்தே உள்ளே என்ன கதை என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

இவர் பாணி என்ன?

சித்தர், சாபம், மறுபிறவி, காவல் தெய்வம். இவற்றோடு ஒரு காதல். ‘கோட்டைப்புரத்து வீடு’ நாவலில் ஜமீன் வம்சத்து ஆண்கள் 30 வயதைத் தாண்டுவதில்லை. அப்படிப்பட்ட வீட்டு வாரிசைக் காதலித்தால் என்ன ஆகும்? பயமும் காதலும் ஒண்ணா ஓடும் கதை அது. பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் பல்ப் கதைத் தொகுப்புகள் மூலம் இவர் எழுத்து ஆங்கிலத்துக்கும் போனது.

டி.வி.யில் என்ன செய்தார்?

1990-களில் கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ சன் டி.வி.யில் வந்தது. அதில் ‘ரகசியம்’, ‘விடாது கருப்பு’ இரண்டும் இன்றும் பேசப்படுகின்றன. ‘விடாது கருப்பு’, ‘விட்டு விடு கருப்பா’ நாவலின் சின்னத்திரை வடிவம். 2010-ல் வந்த ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்திலும் இவர் எழுத்துப் பங்களிப்பு உண்டு. பேய்க்கதை மட்டும்தான் வரும் என்று சொல்லிவிட முடியாது. தேவதாசி வாழ்வைச் சொன்ன ‘சிருங்காரம்’ படத்தின் கதையும் இவருடையது. அந்தப் படம் 3 தேசிய விருதுகள் வாங்கியது.

மூடநம்பிக்கையை வளர்த்தாரா?

அமானுஷ்யக் கதை எழுதுகிற எல்லோர் மீதும் வரும் கேள்வி இது. ‘விடாது கருப்பு’ அதற்குப் பதில் மாதிரி. ஊரே கருப்பசாமி தண்டிக்கிறார் என்று நம்பும். கடைசியில் விடை மனநோயில் இருக்கும். அதேநேரம், சாமி இல்லை என்றும் கதை அடித்துச் சொல்லாது. நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே கதையைப் பார்க்க முடிந்தது அதனால்தான்.

2024 நவம்பர் 10-ல் மதுரையில் அவர் காலமானார். 66 வயது நிறைய இன்னும் 3 நாள்தான் இருந்தது. நூற்றுக்கணக்கான நாவல்களின் அட்டையில் அம்மா பெயர் முதலிலும், அவர் பெயர் அடுத்தும் இருக்கிறது.